ரெமி இருக்கும்போது

ஆகஸ்ட் 29, சனி

இந்த டயரியை நான் வேலை பார்க்கும் உப்புக் கம்பெனியில் ஜனவரி மாதம் கொடுத்தார்கள். எங்கள் சாப்பாட்டு மேசைக்கு ஒரு கால் குட்டை. எட்டு மாதமாக இதைத்தான் அதற்கு முட்டுக் கொடுத்திருந்தேன். நேற்று என் வீட்டுக்காரர் ரெமி அந்தக் காலைச் சரிசெய்துவிட்டார், டயரிக்கு வேலை போய்விட்டது. சும்மா கிடப்பானேன் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எழுத விஷயமும் இருக்கிறது. காலைப் பூசை முடிந்ததும் பங்குச்சாமி கூப்பிட்டார். "மெற்றில்டாம்மா, திருவிழாவுக்கு நாப்பது பாட்டும் ஒரே புஸ்தகமா வேணும். மெட்டும் இருக்கணும், கிட்டாருக்கு கார்டும் எழுதியிருக்கணும். போன வருஷம் மாதிரி ஆச்சுன்னா நான் பீடத்தை விட்டு எறங்கி ஓடிருவேன்."

கார்டு என்றால் மூன்று நாலு ஸ்வரத்தை ஒன்றாக மீட்டுவது. போன வருஷம் அதில் நடந்தது ஊருக்கே தெரியும். கொடியிறக்கப் பாட்டின் கடைசி அடியில் லான்சன் தன் கிட்டாரில் எஃப் மேஜர் வாசித்தான். என் வீட்டுக்காரர் தன் கிட்டாரில் எஃப் மைனர் வாசித்தார். கீபோர்டில் இருந்த நான் லான்சன் பக்கம். பாடுகிறவர்கள் யார் பின்னால் போவதென்று தெரியாமல் நடுத்தெருவில் நின்றார்கள்.

லான்சன் செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். வருஷம் முழுக்க எங்கள் பாடகர் குழுவுக்குக் கிட்டார் அவன்தான். ரெமி சரக்குக் கப்பலில் ஃபிட்டர். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. கல்யாணமான இருபத்துமூன்று வருஷத்தில் ஒரே ஒரு வருஷம் தவிர இதே கதைதான். இந்தத் தடவை ஜூன் கடைசியில் வந்தார். மறுபடி எப்போது போகிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்பதில்லை என்பது என் கொள்கை.

ஆகஸ்ட் 31, திங்கள்

மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போன லேப்டாப்பில் இசை எழுதும் சாஃப்ட்வேரை ஏற்றியாயிற்று. லான்சன் வந்து ஏற்றிக்கொடுத்தான். கம்பெனியில் இருபத்தாறு வருஷம் டைப் அடித்த கை என்று கர்வமாக உட்கார்ந்தேன். முதல் பாட்டுக்கே இரண்டு மணி நேரம். அதில் ஒரு ஸ்வரம் கோட்டுக்கு வெளியே, கூரையில் ஏறிய கோழி போல் உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றது. ரெமி எட்டிப் பார்த்துவிட்டு, "வெரட்டாத ஏட்டி, பசிச்சா தானா எறங்கும்" என்றார்.

மத்தியானம் விளைமீன் குழம்பு.

செப்டம்பர் 2, புதன்

சமையலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. மிக்சி கத்தாமல் அரைக்கிறது. கொல்லைக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள்.

எனக்குப் பிடிக்கவில்லை. ரெமிக்கு ஒரு பழக்கம் உண்டு. கப்பலுக்குப் போகிற நாள் நெருங்கினால் வீட்டில் கெட்டுப்போனதையெல்லாம் தேடித் தேடிச் சரிசெய்வார். வாயால் சொல்லமாட்டார். ஸ்குரு டிரைவரைக் கையில் எடுத்தார் என்றால் பெட்டி கட்டப்போகிறார் என்று அர்த்தம். கடைசிச் சாமானும் சரியாகிவிட்டால் மறுவாரம் ஆள் இருக்கமாட்டார்.

இஸ்திரிப் பெட்டி சூடாகவில்லை. அதை எடுத்து அலமாரி உச்சியில், கிறிஸ்மஸ் நட்சத்திரப் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். மேசையில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது, அதனால்தான்.

செப்டம்பர் 5, சனி

எனக்குப் பெரிய தலைவலி ஒன்று தீர்ந்தது.

பழைய பாட்டு நோட்டில் ஒவ்வொரு வரிக்கு மேலும் இரண்டு விதமான கார்டு இருக்கிறது. பென்சிலில் எழுதியது லான்சனுடையது. சாதாரணமாக, நேராக, எவரும் வாசிக்கலாம். நீல மையில் எழுதியது ரெமியுடையது. கப்பலில் கூட வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரர்களிடம் கற்றது. அவர்கள் சாயங்காலமானால் டெக்கில் உட்கார்ந்து கிட்டாரோடுதான் சாப்பிடுவார்களாம். அங்கிருந்து ஒவ்வொரு வருஷமும் இவர் இரண்டு மூன்று கார்டு கொண்டுவருவார். மற்ற வீட்டுக்காரர்கள் சாக்லேட்டும் சென்ட் பாட்டிலும் கொண்டுவருகிறார்கள்.

ஒரே இடத்தில் இரண்டு கார்டு எழுத முடியுமா என்று சாஃப்ட்வேரைக் குடைந்தேன். முடிகிறது! முதலில் முதன்மைக் கார்டை எழுத வேண்டும். பிறகு அதே இடத்தில் மாற்றுக் கார்டு ஒன்று சேர்க்கலாம். அது முதன்மைக்கு மேலே அடைப்புக்குறிக்குள் உட்கார்ந்துகொள்கிறது. வேண்டாத நேரம் அடைப்புக்குறிகளை மொத்தமாக மறைக்கவும் வழி இருக்கிறது.

லான்சனுடையதை முதன்மையாக வைத்தேன். ரெமியுடையது அடைப்புக்குறிக்குள். வருஷத்தில் ஒன்பது மாதம் வாசிக்கிறவன் லான்சன், அதுதானே நியாயம். ஏன் இதை இவ்வளவு விளக்குகிறேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 8, செவ்வாய்

மாதா பிறந்தநாள். பாயசம். பூசையிலிருந்து வந்து கொடியிறக்கப் பாட்டை எழுத உட்கார்ந்தேன், சண்டை ஆரம்பமாகிவிட்டது.

கடைசி அடியில் ஒரு ஸ்வரத்தை முழுசாக நாலு தட்டுக்கும் இழுக்க வேண்டும். லான்சனுக்கு அங்கே ஒரே ஒரு எஃப் மேஜர் போதும். ரெமிக்குப் போதாது. பாதி வழியில் எஃப் மைனருக்கு இறங்கி, அப்புறம்தான் சி-யில் போய் முடிப்பார்.

"பத்து நாள் திருவிழா முடிஞ்சு சந்தோசமா கொடி எறங்குது. அங்க எதுக்கு அழுமூஞ்சிக் கார்டு?" என்றேன்.

"சந்தோசமா? திருவிழா முடியுதுல்லா ஏட்டி! கொடி எறங்கும்போது உனக்குத் தொண்டையில ஒண்ணும் அடைக்காதா?"

"எனக்கு எதுக்கு அடைக்கணும்? மறுவருஷம் மறுபடி ஏத்துவாங்க."

"ஏத்துவாங்க. அதுவரைக்கும்?"

 பாயசம் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது, அடுப்படிக்கு ஓடினேன்.

பிறகு உட்கார்ந்து எழுதினேன். அதிலும் ஒரு சிக்கல். மாற்றுக் கார்டு தனியாக நிற்காது, கீழே ஒரு முதன்மைக் கார்டு வேண்டும். லான்சன் கணக்கில் அந்தப் பாதி வழியில் எதுவுமே கிடையாது. ரெமியுடைய எஃப் மைனர் நிற்பதற்காகத் தேவையே இல்லாத ஒரு எஃப்பை அதற்குக் கீழே மறுபடி எழுதினேன்.

செப்டம்பர் 11, வெள்ளி

மும்பை ஏஜென்ட் போன் செய்தான். ரெமி செல்லை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். திரும்பி வந்து, "ஒரு கண்டெய்னர் கப்பல். பதினெட்டாம் தேதிக்குள்ள பதில் சொல்லணுமாம்" என்றார்.

"ஓகோ" என்றேன்.

"மீன்பிடித் துறைமுகத்துல கிளமென்ட்டும் கூப்பிடுதான். படகு இன்ஜின் பட்டறைக்கு ஆள் வேணுமாம். கரை வேலை."

"ஓகோ" என்றேன்.

ஆள் என் முகத்தையே பார்த்தார். பிறகு ஹால் ஃபேனைக் கழற்றப் போய்விட்டார்.

செப்டம்பர் 13, ஞாயிறு

நாற்பது பாட்டும் முடிந்தது! அடைப்புக்குறிகளை எண்ணினேன். நூற்றுப்பன்னிரண்டு.

இரண்டு ஃபைலாக பென் டிரைவில் ஏற்றினேன். அடைப்புக்குறிகளை மறைத்தது ஒன்று, காட்டுவது ஒன்று. குழம்பக்கூடாது என்று பெயரும் வைத்தேன். முதலாவது "ரெமி இல்லாதபோது". இரண்டாவது "ரெமி இருக்கும்போது". திருவிழாவுக்கு இரண்டாவதுதான். முதலாவது லான்சனுக்கு, திருவிழாவுக்குப் பிறகு.

ஹால் ஃபேன் இப்போது சத்தமே இல்லாமல் ஓடுகிறது. அந்தச் சத்தம் இல்லாமல் மத்தியானம் தூக்கம் வரவில்லை.

செப்டம்பர் 15, செவ்வாய்

ஆபீசுக்குப் போகிற வழியில் ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவைக் கொடுத்து, ஃபைலைத் தொட்டுக் காட்டி, அறுபது பிரதி சொன்னேன். சாயங்காலம் ஸ்பைரல் போட்டு அட்டைப்பெட்டியில் கட்டி வைத்திருந்தார்கள். அட்டை நீலம். பார்க்க லட்சணமாக இருக்கிறது. கோயிலில் இறக்கிவிட்டு வந்தேன். பென் டிரைவை வழக்கம்போல டிவி ஸ்டாண்டில் போட்டேன்.

செப்டம்பர் 16, புதன்

இன்று சாயங்காலம் ஒத்திகை. ரெமி கிட்டாரைத் துடைத்து, புதுக் கம்பி மாட்டி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்தைப் புரட்டினார், அடுத்ததைப் புரட்டினார், கடைசிப் பக்கம் வரை போனார். மறுபடி முன்னாலிருந்து வந்தார். 

வாசித்தார். புத்தகத்தில் இருந்ததை மட்டும் வாசித்தார். லான்சன் எஃப் என்றால் அவரும் எஃப், லான்சன் ஜி என்றால் அவரும் ஜி. பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டு வாசித்தார். பாடுகிறவர்களுக்கு ஒரே குஷி. சாமி வந்து கேட்டுவிட்டு, "ரெண்டு கிட்டாரும் ஒண்ணாப் போகுதே! இதல்லவா ஒற்றுமை!" என்று கைதட்டினார்.

எனக்குத்தான் சாப்பாட்டில் உப்பில்லாத மாதிரி இருந்தது. உப்புக் கம்பெனிக்காரி சொல்கிறேன்.

என்ன கோபம் அவருக்கு? அடைப்புக்குறிக்குள் போட்டதற்கா? நான் கீபோர்டில் பழைய நோட்டைத்தான் வைத்திருந்தேன், புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டேன், "புஸ்தகம் எப்படி?"

"நல்லாருக்கு. சுத்தமா இருக்கு."

செப்டம்பர் 17, வியாழன்

ரெமி மும்பைக்குப் போன் செய்தார். இந்தத் தடவை வாசலுக்குப் போகவில்லை, ஹாலிலேயே நின்று பேசினார். அக்டோபர் ஐந்தாம் தேதி கப்பலில் சேர்கிறாராம். ஒன்பது மாதம்.

கருவாடு வறுத்தேன். தீய்ந்துவிட்டது.

செப்டம்பர் 18, வெள்ளி

லான்சன் ஆபீசுக்கே வந்துவிட்டான். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அண்ணன் கார்டெல்லாம் எங்க? சேக்குதேன் சேக்குதேன்னு சொன்னீங்க, புஸ்தகத்துல ஒண்ணுகூட இல்லயே."

அவன் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். மாதாவே! ஒரு அடைப்புக்குறி இல்லை. அறுபது பிரதியும் "ரெமி இல்லாதபோது".

ஜெராக்ஸ் கடையில் நான்தான் தொட்டுக் காட்டினேன். பெயர் எழுதித்தான் இருந்தது, எனக்குப் படிக்கவும் தெரியும். இருந்தும் விரல் நேராக முதல் ஃபைலுக்குப் போயிருக்கிறது. இரண்டு பேருக்குச் சோறு வைக்கிற வீட்டில் நாழியை எடுத்தால் கை தானாக ஒருத்திக்கு அளக்கும், அவர் வந்து ஒரு மாதம் ஆனாலும் அளக்கும். அதே கைதான் இது.

"அக்கா, அண்ணன்ட்ட சொல்லிருங்க" என்றான் லான்சன்.

"சொல்லிக்கிடலாம்ல. நீ போ" என்றேன்.

சொல்லவில்லை. ஏஜென்டுக்கு வார்த்தை கொடுத்தாயிற்று. இப்போது போய், புத்தகம் மாறிப்போச்சு, உங்கள் கார்டெல்லாம் எழுதித்தான் வைத்திருந்தேன் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? போகாதீர்கள் என்றுதான் அர்த்தம். அதை நான் சொல்லமாட்டேன்.

செப்டம்பர் 20, ஞாயிறு

கொடியேற்றம். நல்ல காற்று. கொடி ஒரே இழுப்பில் உச்சிக்குப் போனது.

செப்டம்பர் 23, புதன்

ஏன் சொல்லமாட்டேன் என்பதை ஒரு தடவை எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

அப்போது மகளுக்கு ஒரு வயது. பெட்டியோடு வாசலில் நின்றவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் நின்றுவிட்டார். ஒரு வருஷம் கரையில் இருந்தார். சரியான வேலை அமையவில்லை. ஒரு நாள் எரிச்சலில், "உன் கண்ணீருக்காகக் கப்பல விட்டேன் பாரு, என்னச் சொல்லணும்" என்றார். மறுநாளே மன்னிப்புக் கேட்டார். அதைப் பிறகு ஒருநாளும் சொன்னதில்லை. ஆனாலும் நான் அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன். இனி இந்த வாயால் இருங்கள் என்று கேட்பதில்லை. அவரே இருந்தால் இருக்கட்டும்.

அவர் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லையா? இருக்கிறது. நிறைய இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ரயில் ஏற்றிவிட்டு வந்து ஒரு வாரம் அவர் டம்ளரைக் கழுவாமல் வைத்திருப்பேன். எழுதிவிட்டேன். இந்தப் பக்கத்தைக் கிழித்தாலும் கிழிப்பேன்.

செப்டம்பர் 26, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் ரெமி, "சேர்றதுக்கு பேப்பர் அனுப்பியிருக்கான், பிரிண்ட் எடுக்கணும். பென் டிரைவ் இருக்கா?" என்றார்.

"டிவி ஸ்டாண்டுல கெடக்கு, எடுத்துக்கோங்க" என்றேன். கருவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன், ஒன்றும் ஓடவில்லை. அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் பென் டிரைவில் என்ன இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடினேனா? இல்லை. அப்படியே கருவேப்பிலையோடு நின்றேன்.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். கையில் கப்பல் பேப்பர் இல்லை. தடித்த ஒரு கட்டு இருந்தது, சூடு ஆறாத நாற்பது பாட்டு. என் முன்னால் மேசையில் போட்டார்.

"நூத்திப்பன்னெண்டு எடத்துல என் கார்டு இருக்கு" என்றார்.

"எண்ணினீங்களா?"

"கடையிலயே நின்னு எண்ணினேன். அந்தப் பிள்ளை என்னய ஒரு மாதிரிப் பாத்துச்சு. கப்பல்ல டெக்குல உக்காந்து கத்துக்கிட்டது, போன வருஷம் கொண்டுவந்தது, நான் மறந்துபோனதுகூட இருக்கு. இத எழுதிட்டு ஏன் மத்தத அச்சடிச்ச?"

"கை மாறிப்போச்சு."

"சொல்லலாம்ல? நான் என்ன நெனச்சேன் தெரியுமா? இவ நான் இல்லாம இருந்து பழகிட்டா, இனி நான் இருந்தாத்தான் இவளுக்கு இடைஞ்சல்னு நெனச்சேன். புஸ்தகத்தப் பாத்துட்டுத்தான் ஏஜென்டுக்குப் போன் போட்டேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இடைஞ்சலா? ரெமி இருக்கும்போதுன்னு பேரு வச்சு எழுதியிருக்கேன், கண்ணு தெரியலயா? ஏஜென்ட் கூப்பிட்டா ஓடுதீங்க, கிளமென்ட் கூப்பிட்டா யோசிக்கீங்க!"

"நீ கூப்பிடலயே ஏட்டி. கிளமென்ட் கூப்பிடுதான்னு உன்கிட்ட எதுக்குச் சொன்னேன்? நீ ஓகோன்னு சொல்லுத. இருபது வருசமா ஓகோன்னுதான் சொல்லுத. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, போகாதேன்னு சொல்லேன் பாப்போம்."

"சொன்னேன் ஒரு தடவ. அதுக்கு நீங்க என்ன சொன்னீங்கன்னு எனக்கு ஞாபகம் இருக்கு."

அவர் முகம் சுருங்கிப்போனது. மறந்திருப்பார் என்று நினைத்திருந்தேன். மறக்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அது எனக்குந்தான் இருக்கு மெற்றி. ஒவ்வொரு தடவ கப்பல் ஏறும்போதும் இருக்கு. நீ கேக்காம இருக்கது அதுக்குத் தண்டனைன்னு நெனச்சுத்தான் நானும் வாய மூடிட்டுப் போறேன்."

வெளியே பால்காரன் மணி அடித்தான். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"போகாதீங்க" என்றேன். குரல் பெரிதாக வரவில்லை. ஆகையால் இன்னொரு தடவை சொன்னேன். "போகாதீங்க. எனக்கு நீங்க வீட்ல இருக்கணும்."

"சரி" என்றார். அவ்வளவுதான். ஏதோ வெங்காயம் வாங்கி வரச் சொன்ன மாதிரி. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத எப்பவோ கேட்டிருந்தா எத்தன பெட்டி தூக்குறது மிச்சம்" என்றார்.

மத்தியானம் மும்பைக்குப் போன் போட்டார். ஏஜென்ட் கத்தினது சமையலறை வரை கேட்டது. அடுத்ததாகக் கிளமென்டுக்குப் போட்டார். அவன் கத்தினது சந்தோஷத்தில்.

செப்டம்பர் 29, செவ்வாய்

திருவிழா. சப்பரம் எங்கள் தெருவுக்கு வந்தது. காலெல்லாம் வலி. சந்தோஷமாக இருக்கிறேன். வேறொன்றும் எழுத முடியவில்லை.

செப்டம்பர் 30, புதன்

கொடியிறக்கம். இதைச் சிரிக்காமல் எழுத வேண்டும், முடியுமா பார்க்கிறேன்.

கடைசிப் பாட்டு, கடைசி அடி. போன வருஷத்திலிருந்து அந்த எஃப் மைனருக்கு எதிர்க்கட்சி நான். இன்றைக்கு அவருக்காக வாசிப்போம், சொல்லாமல் வாசிப்போம் என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். லான்சனுக்கும் இரண்டாவது ஃபைலை ரகசியமாகக் கொடுத்து, "அந்த எடத்துல அண்ணன் கார்ட வாசி" என்று சொல்லி வைத்திருந்தேன்.

கொடி இறங்க ஆரம்பித்தது. ஸ்வரத்தை இழுத்தார்கள். பாதி வழி வந்தது. நான் எஃப் மைனர். லான்சனும் எஃப் மைனர். ரெமி, என் அருமைப் புருஷன், கண்ணை மூடிக்கொண்டு, எனக்காக, சத்தமாக எஃப் மேஜர்!

இரண்டும் மோதின சத்தம் துருப்பிடித்த கேட்டைத் திறந்த மாதிரி இருந்தது. கொடிக்கயிற்றைப் பிடித்திருந்தவர் கயிற்றை விட்டுவிடப் பார்த்தார். பாடுகிறவர்கள் போன வருஷம் நின்ற அதே நடுத்தெருவில் மறுபடி நின்றார்கள். லான்சன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். ரெமி கண்ணைத் திறந்து, என் கையையும் நான் அமுக்கியிருந்த கட்டையையும் பார்த்தார். புரிந்துவிட்டது. கோயில் என்றும் பார்க்காமல் சிரித்தார், எனக்கும் அடக்க முடியவில்லை. எப்படியோ எல்லோரும் சி-யில் வந்து சேர்ந்தோம்.

முடிந்ததும் சாமி இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தார். "அறுபது புஸ்தகம் போட்டும் இதானா? அடுத்த வருஷமும் இதேதானா?"

"இல்ல சாமி" என்றார் ரெமி. "இனி வாரா வாரம் பழகிருவோம். நான் இங்கதான இருப்பேன்."

எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்குத் தொண்டையில் ஒன்று அடைத்தது. எஃப் மைனரைப் பற்றி அவர் சொன்னது சரிதான்.

அக்டோபர் 1, வியாழன்

காலையில் முதல் வேலையாக "ரெமி இல்லாதபோது" ஃபைலை அழித்தேன். இன்னொன்றின் பெயரை வெறுமனே "பாட்டுப் புத்தகம்" என்று மாற்றினேன்.

பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, கிறிஸ்மஸ் நட்சத்திரப் பெட்டிக்குப் பின்னாலிருந்து இஸ்திரிப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தேன்.

"இது எப்பக் கெட்டுது?" என்றார்.

"நேத்துத்தான்."

அதன் மேல் இருந்த ஒரு மாதத் தூசியை விரலால் தொட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஸ்குரு டிரைவரை எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, அந்த இடத்தில் காப்பி டம்ளரை வைத்து, காலை நீட்டி உட்கார்ந்தார்.

"இருக்கட்டும் ஏட்டி, என்ன அவசரம்? மெதுவாப் பாப்போம்."